யூன் ஃபோஸ்ஸேயை எங்கே தொடங்கி, எப்படி வாசிப்பது

முதலில் பெயர். ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் ‘ஜான் ஃபாஸ்’ என்று வாயில் வரும். நார்வேக்காரர்கள் ‘யூன் ஃபோஸ்ஸே’ என்கிறார்கள். இந்த எழுத்தாளரிடம் எல்லாமே ஒலியில்தான் நடக்கிறது. அதனால் பெயரிலேயே காதைத் திறந்துகொள்வது நல்லது.

1959 செப்டம்பர் 29 அன்று ஹௌகெசுண்டில் பிறந்தார். வளர்ந்தது ஹர்டாங்கர் கடற்கழியோரம் உள்ள ஸ்ட்ராண்டெபார்ம் என்ற சிற்றூரில். கவிதை, நாவல், நாடகம், கட்டுரை, சிறுவர் நூல் என எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறார். நாடகங்கள் மட்டும் 40 அளவில் இருக்கும். 2023இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘சொல்ல முடியாதவற்றுக்குக் குரல் தரும் புதுமையான நாடகங்களுக்காகவும் உரைநடைக்காகவும்’ என்பது பரிசுக் குறிப்பின் சாரம். பரிசுச் செய்தியைப் பார்த்துப் பலரும் அவருடைய மிகப் பெரிய நாவலான ‘செப்டாலஜி’யை வாங்கி, முப்பதாவது பக்கத்தில் மூடிவைத்தார்கள். முற்றுப்புள்ளியே இல்லாத புத்தகம் அது. குறை நூலிலும் இல்லை, வாசகரிடமும் இல்லை. நுழைந்த வாசல்தான் தவறு.

இவருக்குச் சரியான வாசல் நாடகம். அதையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

முதல் மாலை: மூன்று பேர், ஒன்றரை மணி நேரம்

‘யாரோ வரப்போகிறார்கள்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அவருடைய நாடகத் தொகுதிகளில் முதலாவதில் இது இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, 1996இல் மேடையேறியது. அதற்கு முன் ஃபோஸ்ஸேவுக்கு நாடகத்தின்மேல் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. புதிய நார்வே நாடகங்களுக்கான அரசு நிதித் திட்டம் ஒன்றில், ஒரு நாடகத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எழுதித் தந்தால் நல்ல தொகை தருவதாகச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தவர் முழு நாடகத்தையும் எழுதி முடித்துவிட்டார்.

பாத்திரங்கள் மூன்றே: அவன், அவள், ஒரு ஆள். யாருக்கும் பெயரில்லை. உலகத்தைவிட்டு விலகித் தாங்கள் இருவர் மட்டும் வாழலாம் என்று ஓர் இணை கடலோரத்தில் பழைய வீடு ஒன்றை வாங்குகிறது. வந்து நின்றதுமே அவளுக்கு ஒரு கலக்கம்: யாரோ வரப்போகிறார்கள். வருகிறான், வீட்டை விற்றவன். கதை இவ்வளவுதான்.

மூன்று பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் படியுங்கள். நடிக்க வேண்டாம். வரிகள் கவிதைபோல ஒடித்து அச்சிடப்பட்டிருக்கும், நிறுத்தற்குறி இருக்காது. வரி முடியும் இடத்தில் மிகச் சிறிதாக மூச்சை நிறுத்தி அடுத்த வரிக்குப் போனால் போதும். நடுநடுவே மேடைக்குறிப்பாக ‘நிறுத்தம்’, ‘குறு நிறுத்தம்’, ‘நீண்ட நிறுத்தம்’ என்று வரும். இவற்றைத் தாண்டிப் போய்விட்டால் நாடகமே போய்விடும். தன் நாடகங்களில் மிக முக்கியமான சொல்லும், அதிகம் வருகிற சொல்லும் ‘நிறுத்தம்’தான் என்று நோபல் உரையில் அவரே சொன்னார். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: குறு நிறுத்தத்துக்கு ஒரு மூச்சு, நிறுத்தத்துக்கு இரண்டு, நீண்ட நிறுத்தத்துக்கு ஐந்து. ஐந்து மூச்சு என்பது ஏறக்குறைய 20 விநாடி. ஒரு அறையில் மூன்று பேர் 20 விநாடி பேசாமல் இருப்பது எவ்வளவு நீளம் என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும். மேடையில் இவ்வளவு நேரம் எடுக்க வேண்டியதில்லை. வாசிப்பில் எடுங்கள், காது பழகட்டும்.

இங்கே மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கும். முதலாவது, ஒரே வாக்கியம் ஐந்தாறு தடவை வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பாவத்தை ஏற்றுவது: முதலில் பயம், அடுத்து கோபம், பிறகு அழுகை. நம் மேடைப் பழக்கம் அப்படி இழுக்கும். ஆனால் சொல் மாறாமல் இருக்கும்போதுதான் சூழ்நிலை மாறியது தெரியும். ‘நாம் இருவர் மட்டும்’ என்ற பேச்சு தொடக்கத்தில் ஆசையாக ஒலிக்கும். வீட்டை விற்றவன் வந்துபோன பிறகு அதே சொற்கள் காவல் போடுவதுபோல ஒலிக்கும். நீங்கள் எதையும் கூட்டாமலே அது நடக்கும். இரண்டாவது தவறு நேரெதிரானது: எல்லாவற்றையும் மந்திரம் ஓதுவதுபோல ஒரே ராகத்தில் இழுப்பது. இது வீட்டுப் பேச்சு. பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுவதுபோல இருந்தால் சரியாக இருக்கும். மூன்றாவது, நிறுத்தத்தில் அர்த்தமுள்ள பார்வை பார்ப்பது. சும்மா இருங்கள், அது போதும்.

தமிழில் சொல்லிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தலைப்பிலேயே ஒரு முடிச்சு காத்திருக்கிறது. நார்வே மூலத்தில் ‘யாரோ’ ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது தெரியாது. அச்சமே அந்தத் தெரியாமையில் இருக்கிறது. ‘யாரோ வருவான்’ என்றால் பாதி ரகசியம் உடைந்துவிட்டது. ‘வருவார்’ என்றால் மரியாதைக்குரிய விருந்தாளி. ‘யாரோ வரப் போறாங்க’ என்று பேச்சு வழக்கில் சொன்னால் ஆண், பெண், ஒருவர், பலர் எல்லாமே திறந்தே இருக்கும். இந்த இடத்தில் எழுத்துத் தமிழைவிடப் பேச்சுத் தமிழ் துல்லியமானது.

மொழி பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

நார்வே மொழிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள்: பூக்மோல், நீநொர்ஸ்க். பெரும்பாலோர் எழுதுவது பூக்மோலில். ஃபோஸ்ஸே எழுதுவது நீநொர்ஸ்க்கில். பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் இது முதல் எழுத்து மொழி. 19ஆம் நூற்றாண்டில் ஈவார் ஓசென் ஊர் ஊராகப் போய் வட்டார வழக்குகளைத் திரட்டி, இலக்கணமும் அகராதியும் எழுதி உருவாக்கிய வடிவம் அது. 1885இல் நாடாளுமன்றம் அதற்குச் சம உரிமை தந்தது.

இதை வைத்து ஃபோஸ்ஸே வட்டார வழக்கில் எழுதுகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. நீநொர்ஸ்க் வட்டார வழக்குகளிலிருந்து கட்டிய பொது எழுத்து மொழி. அதில் நாவலும் வரும், சட்டமும் வரும். ஆகவே ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துப் பார்ப்பவர் கரிசல் வழக்கிலோ கொங்கு வழக்கிலோ இறக்கினால் அது வேறு எழுத்தாளராகிவிடும். எளிய, ஊர் அடையாளம் ஒட்டாத தமிழே பொருந்தும்.

நார்வேக்கு இலக்கிய நோபல் முன்பு மூன்று முறை கிடைத்தது: 1903இல் பியோர்ன்சன், 1920இல் ஹாம்சுன், 1928இல் உன்செட். 95 ஆண்டுகள் கழித்து வந்த நான்காவதுதான் நீநொர்ஸ்க்கில் எழுதியவருக்குக் கிடைத்த முதல் பரிசு.

இரண்டாவது புத்தகம்: ‘காலையும் மாலையும்’

2000இல் வந்த சிறிய நாவல், 100 பக்கத்தைச் சுற்றி இருக்கும். ஒரே நாளில், முடிந்தால் ஒரே அமர்வில் படிக்க வேண்டியது. முதல் பகுதியில் பிரசவம் நடக்கிறது. மருத்துவச்சி சுடுதண்ணீர் கேட்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தன் தகப்பன் பெயரான யொஹான்னெஸை வைப்பது என்று அப்பா ஓலாய் நினைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டாம் பகுதியில் அதே யொஹான்னெஸ் கிழவராக, மீன்பிடித்து ஓய்ந்தவராக, ஒரு காலையில் எழுகிறார். உடம்பு வழக்கத்தைவிட லேசாக இருக்கிறது.

அந்தக் காலைப்பொழுதை மெதுவாகப் படியுங்கள். காபி, சிகரெட், ரொட்டி, கொட்டகையில் இருக்கும் கருவிகள். எல்லாம் பழையவை, எல்லாம் எப்படியோ வேறாகவும் இருக்கின்றன. பிறகு நண்பன் பீட்டரோடு படகில் போகிறார். தூண்டிலை இறக்குகிறார். அது படகுக்குக் கீழே கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது, அதற்குமேல் மூழ்க மறுக்கிறது. நூலும் சிக்கவில்லை, எடையும் குறைவில்லை. கடல் அவரை இனி ஏற்கவில்லை. மரணம் வந்துவிட்டது என்பதை ஃபோஸ்ஸே விளக்கவில்லை, இறங்காத தூண்டிலைக் காட்டுகிறார். பின்னால் மகள் சிக்னெ எதிரே வரும் இடத்தில் இந்தத் தூண்டில் நினைவில் இருந்தால் போதும், எல்லாம் துலங்கிவிடும்.

வாழ்க்கைச் செய்தி ஒன்றை இந்தப் புத்தகம் முடிந்த பிறகு தெரிந்துகொள்ளுங்கள், முன்னால் வேண்டாம். ஏழு வயதில் ஃபோஸ்ஸே பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். கையில் இருந்த கண்ணாடி பாட்டில் உடைந்து ரத்தக்குழாயை அறுத்தது, சாவின் விளிம்புக்குப் போனார். அந்த நேரத்தில் தன்னையே வெளியிலிருந்து பார்த்ததாகவும், எல்லாம் ஒளியோடும் அமைதியோடும் இருந்ததாகவும், தன்னை எழுத்தாளனாக்கியது அந்த அனுபவமே என்றும் சொல்லியிருக்கிறார். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு படித்தால் யொஹான்னெஸின் காலை ஒரு விபத்தின் நகலாகச் சுருங்கிவிடும். பிறகு தெரிந்துகொண்டால் புத்தகம் இன்னும் விரியும்.

அடுத்த இரண்டு

‘ஆலெஸ் நெருப்பருகே’ என்று ஆங்கிலத்தில் அறியப்படும் 2004ஆம் ஆண்டு நாவல் இன்னும் சிறியது, ஆனால் கடினம். சிக்னெ 2002இல் பழைய வீட்டில் படுத்திருக்கிறாள். 1979இல் ஜன்னலோரம் நின்ற தன்னையே பார்க்கிறாள். அன்று அவள் கணவன் ஆஸ்லெ படகில் போனவன், திரும்பவில்லை. அதே அறைக்குள் 1897இல் ஏழு வயதில் மூழ்கிய இன்னொரு ஆஸ்லெயும் முன்னோரும் நடமாடுகிறார்கள். ஒரே வாக்கியத்துக்குள் ஆண்டு மாறிவிடும். ஒரு துண்டுத்தாளில் மூன்று ஆண்டுகளையும் எழுதி, யார் யாருக்கு என்ன முறை என்று கோடு போட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளுப்பாட்டி, எள்ளுப்பாட்டி என்று முறை சொல்லிப் பழகிய நமக்கு இது கை வந்த கலை. ஆங்கிலத்தில் திண்டாடும் இடங்களில் தமிழ் உறவுச்சொல் உதவும்.

இவருடைய நூல்களில் பெயர்கள் வேண்டுமென்றே ஒன்றையொன்று ஒத்திருக்கும்: ஆஸ்லெ, ஆலெஸ், ஆலிடா. பெரிய நாவலில் ஓஸ்லைக்கும் சேர்வான். கண்ணால் படித்தால் குழம்பும். வாயால் சொன்னால் ‘ஆஸ்லெ’யும் ‘ஓஸ்லைக்’கும் தனித்தனியாக நிற்கும். ஒரே பெயர் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கு வந்தால் அதே ஆள்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இதன் பிறகு ‘இலையுதிர்காலக் கனவு’ நாடகம் (1999). கல்லறைத் தோட்டத்தில் ஒருவனும் ஒருத்தியும் சந்திக்கிறார்கள். பேச்சு நடக்க நடக்க, காட்சி மாறாமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. முந்தைய நாவலில் வாக்கியம் செய்ததை இங்கே மேடை செய்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு வடிவங்களிலும் இவர் ஒரே வேலையைத்தான் செய்கிறார் என்பது பிடிபடும். பாரிஸில் பத்ரிஸ் ஷெரோ இதை 2010இல் லூவ்ர் அருங்காட்சியகத்திலேயே அரங்கேற்றினார். அதற்கு முன் 1999இல் பாரிஸை ஒட்டிய நான்டேரில் க்ளாட் ரெஜி ‘யாரோ வரப்போகிறார்கள்’ நாடகத்தை மேடையேற்றியிருந்தார். ஃபோஸ்ஸேயின் பெயர் ஐரோப்பிய மேடைகளில் பரவியதில் அந்த ஆக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை: இவருடைய படைப்புகளில் தற்கொலை திரும்பத் திரும்ப வருகிறது. நோபல் உரையில் அதைப் பற்றிப் பேசியபோது, தன் எழுத்து உயிரைக் காப்பாற்றியதாகப் பலர் எழுதியிருப்பதையும் நெகிழ்ந்து சொன்னார். மனம் கனத்திருக்கும் நாட்களில் இருப்பவர்கள் ‘காலையும் மாலையும்’ நூலோடு நிறுத்தி, மற்றதைப் பிறகு எடுக்கலாம்.

‘செப்டாலஜி’க்கு ஒரு திட்டம்

ஏழு பகுதிகள், மூன்று தொகுதிகள்: ‘மற்றொரு பெயர்’ (2019), ‘நான் இன்னொருவன்’ (2020), ‘ஒரு புதிய பெயர்’ (2021). ஆங்கிலத்தில் டேமியன் சேர்ல்ஸ் மொழிபெயர்த்தது, ஒரே தொகுப்பாகவும் கிடைக்கிறது. கதை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில். மனைவியை இழந்த முதிய ஓவியர் ஆஸ்லெ கடலோரத்தில் தனியாக வாழ்கிறார், குடியை விட்டவர். பியோர்க்வின் நகரத்தில் இன்னொரு ஆஸ்லெ இருக்கிறார். அவரும் ஓவியர், குடியில் அழிந்துகொண்டிருப்பவர். பியோர்க்வின் என்பது பெர்கனின் பழைய பெயர்.

குறைந்தது மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு 40 நிமிடம், அதற்குமேல் வேண்டாம். சோர்ந்த கண் இந்த உரைநடையில் சறுக்கிக்கொண்டே போகும், நான்கு பக்கம் தாண்டியும் எதுவும் ஏறியிருக்காது. முற்றுப்புள்ளி இல்லாததால் எங்கே நிறுத்துவது என்பதே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. உரையாடல்கள் தனித்தனி வரிகளாகப் பிரிந்து வரும். ஓர் உரையாடல் முடிந்து மறுபடி நீண்ட பத்தி தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் ஒரு பக்கம் பின்னால் போய், அந்தப் பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்துத் தொடருங்கள். நின்ற வரியிலிருந்தே தொடங்கினால் ஓட்டம் பிடிபடக் கால் மணி நேரம் வீணாகும்.

ஒவ்வொரு பகுதியும் ஒரே இடத்தில் தொடங்கும்: ஓர் ஓவியத்தில் ஊதா நிறத்தில் ஒரு கோடு, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, நடுவில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன, அதன் முன் ஆஸ்லெ நிற்கிறார். ஒவ்வொரு பகுதியும் பிரார்த்தனையில் முடியும். ஏழு தொடக்கங்களையும் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். படம் முடிந்ததா, இல்லையா, அதை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று அவர் மனம் ஒவ்வொரு தடவையும் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே நாவலின் முதுகெலும்பு கையில் வந்துவிடும். அண்டைவீட்டு ஓஸ்லைக் வரும் இடங்களைக் கதை நகரவில்லை என்று தாண்டிவிடாதீர்கள். கருவாடும் உப்பிட்ட ஆட்டிறைச்சியும் கிறிஸ்துமஸ் பரிசுக்கான ஓவியமும் பற்றிய அந்தப் பேச்சில்தான் இவ்வளவு பெரிய தனிமைக்குள் இன்னொரு மனிதனின் குரல் கேட்கிறது.

ஃபோஸ்ஸே 2012இல் குடியை விட்டார், அதையொட்டிய காலத்தில் கத்தோலிக்கரானார். அதற்கு முன் பல ஆண்டுகள் நாடகமே எழுதிக்கொண்டிருந்தவர், அதை நிறுத்தி உரைநடைக்குத் திரும்பினார். இந்த நாவல் அப்படி விளைந்தது. இரண்டு ஆஸ்லெகளில் ஒருவரை ‘பழைய ஃபோஸ்ஸே’ என்றும் மற்றவரை ‘புதிய ஃபோஸ்ஸே’ என்றும் ஒட்டிவிட ஆசை வரும். அப்படி ஒட்டினால் நாவலின் மையக் கேள்வியான ‘ஒருவன் எப்படி ஒருவனாக இருக்கிறான்’ என்பது கிசுகிசு அளவுக்குக் குறைந்துவிடும்.

தள்ளிவைக்க வேண்டியவையும் சேர்க்க வேண்டியவையும்

‘ஒரு வெண்மை’ என்று சொல்லத்தக்க 2023ஆம் ஆண்டு நூல் மெலிந்தது என்பதால் கடைகளில் முதலில் கையில் தருவார்கள். காட்டுப்பாதையில் கார் சிக்கி, பனி பெய்யும் இரவில் இறங்கி நடப்பவன் ஓர் ஒளியுருவைக் காண்கிறான். இதையே முதலில் படிப்பவர்கள் ‘ஒளி என்றால் கடவுள், காடு என்றால் சாவு’ என்று பொழிப்புரை எழுதி முடித்துவிடுகிறார்கள். தூண்டில் ஏன் இறங்கவில்லை என்பதை அறிந்தவர் கடைசியாக எடுக்க வேண்டிய நூல் இது.

‘மெலன்கோலியா’ (1995–96) ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு. லார்ஸ் ஹெர்டெர்விக் (1830–1902) என்ற உண்மையான நார்வே நிலக்காட்சி ஓவியரைப் பற்றியது. ட்யூசல்டார்ஃபில் மாணவராக அவர் படுக்கையில் கிடந்து ஒரே நினைப்பில் சுழலும் பகுதி மூச்சு முட்டும், முட்டத்தான் வேண்டும். படிப்பதற்கு முன் அவருடைய மேகங்களை இணையத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 1983இல் வந்த முதல் நாவல் ‘சிவப்பு, கறுப்பு’ வரை பின்னோக்கிப் போவது ஆய்வு செய்பவர்களுக்கு மட்டுமே தேவை.

கவிதைகளை வரிசையில் வைக்க வேண்டாம். 1986இல் வந்த முதல் தொகுப்பிலிருந்தே நாய், தேவதை, கடல், மழை என்று வரும். நாவல் படிக்கும் நாட்களில் காலையில் ஒன்று, சத்தமாக, இரண்டு தடவை படித்தால் சரி.

சத்தமாகப் படியுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு அவர் வாழ்க்கையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் ஆசிரியர் உரக்கப் படிக்கச் சொன்னபோது பயம் அவரைக் கவ்வியது, வகுப்பைவிட்டு ஓடினார். அந்தப் பயம் தன் மொழியைப் பறித்துக்கொண்டதுபோல இருந்தது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே எழுதத் தொடங்கினேன் என்று நோபல் உரையைத் தொடங்கினார். எழுதுவது என்றால் கேட்பது என்பதும் அவர் சொன்னதே.

கடைசியாக, ஒரு பக்கத்தையாவது தமிழில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு. ‘எழுந்து, கதவைத் திறந்து, வெளியே பார்த்தேன்’ என்று எச்சங்களை அடுக்கினால் முற்றுப்புள்ளி இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடலாம். தமிழ் அதற்கென்றே பிறந்ததுபோல இருக்கும், அதுதான் பொறி. எச்சமாக்கியதும் எழுந்ததும் திறந்ததும் பார்த்ததற்கு வேலைக்காரர்களாகிவிடுகின்றன. ஃபோஸ்ஸேயிடம் ஒவ்வொரு செயலும் ‘உம்’ போட்டு இணைந்தாலும் தனித்தனியே முழுமையாக நிற்கும். ‘எழுகிறேன், கதவைத் திறக்கிறேன், வெளியே பார்க்கிறேன், பனி பெய்கிறது, ஆமாம், பனி பெய்கிறது’ என்று முற்றுவினைகளைக் காற்புள்ளியால் மட்டும் கோத்துப் பாருங்கள். ‘பிறகு’, ‘அதன்பின்’ என்று எதையும் நுழைக்க வேண்டாம். அந்தச் சொற்கள் நேரத்தை வரிசைப்படுத்திவிடும், இவருடைய நேரமோ வரிசையில் நிற்பதில்லை. பத்து வரி செய்துவிட்டு எழுந்து நின்று படியுங்கள். எங்கே மூச்சு தானாக நிற்கிறதோ அங்கே வரியை ஒடியுங்கள்.